தாமதமாக வந்த மழை விடுமுறை

என் மகள் ஒன்றாம் வகுப்பில் சேர்ந்த வருடம், ஐப்பசி முழுக்க எங்கள் வீட்டில் இரண்டு வேண்டுதல்கள் ஓடின. நட்டு வேர் பிடிக்காத சம்பாப் பயிர் மூழ்கிவிடக் கூடாதே என்று என் கணவர் மழை நிற்க வேண்டினார். லீவு விட வேண்டும் என்று மகள் மழை கொட்ட வேண்டினாள். சாமி அவள் பக்கம்தான் என்பது என் சந்தேகம்.

அவளுக்குப் பாடத்தின் மேல் பயமில்லை, டீச்சர் மேல்தான். "மிஸ் ரொம்பச் சத்தமாப் பேசுறாங்கம்மா" என்பாள். அடித்தாரா, திட்டினாரா என்று கேட்டால் இல்லை. வெறும் குரல்தான். காலையில் சீருடையைக் கண்டாலே வயிற்று வலி வரும். வண்டி மன்னார்குடி தெப்பக்குளத்தைத் தாண்டும்போது அழுகை ஆரம்பிக்கும். கெஞ்சினேன், மிட்டாய் கொடுத்தேன், அதட்டியும் பார்த்தேன். ஒன்றும் நடக்கவில்லை. இந்தப் பிள்ளை எப்படிப் படித்துக் கரையேறப் போகிறது என்று எனக்கும் உள்ளூரப் பயம்தான்.

அன்று பேய்மழை. விடிந்ததிலிருந்து போனையே பார்த்துக்கொண்டிருந்தோம், லீவு அறிவிப்பு வரவில்லை. அழ அழ அவளை வகுப்பில் விட்டுவிட்டு வீடு திரும்பி, ஈரப் புடவையை மாற்றுவதற்குள் செய்தி வந்தது: பள்ளிகளுக்கு இன்று விடுமுறை. வாய்க்கு வந்தபடி திட்டிக்கொண்டே வண்டியைத் திருப்பினேன். யாரை என்று சொல்ல மாட்டேன். வழியெல்லாம் இடி வேறு.

வகுப்பில் நாலைந்து பிள்ளைகள்தான் மிச்சம். டீச்சர் இரண்டு காதையும் பொத்திக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்தார். என் மகள் அவரை ஒட்டி உட்கார்ந்து, முதுகைத் தட்டிக்கொடுத்துக்கொண்டிருந்தாள்.

என்னைப் பார்த்ததும் டீச்சர் வெட்கத்தோடு சிரித்தார். "சின்ன வயசுலேர்ந்தே இடின்னா எனக்கு ஆகாதுங்க. உங்க பொண்ணுதான் தைரியம் சொல்லிக்கிட்டிருக்கா."

"லீவு விட்டாச்சு, வா போகலாம்" என்று மகளிடம் கையை நீட்டினேன். அவள் என் காதருகே வந்து ரகசியம் பேசினாள். அது வகுப்புக்கே கேட்டது.

"நீ போயிட்டு அப்பறம் வாம்மா. நானும் வந்துட்டா மிஸ் பயப்படுவாங்கல்ல?"

செருப்பைக் கழற்றிவிட்டு நானும் பிள்ளைகளோடு உட்கார்ந்துகொண்டேன். இடி ஓய்ந்து டீச்சர் பஸ் ஏறும்வரை என் மகள் அவர் கையை விடவே இல்லை.