பெட்டிவண்டியின் வெளித்தாழ்ப்பாள்

வெயிலில் சுட்ட தகரமும் சரியாகக் காயாத பெயிண்டும் சேர்ந்து மூக்கில் ஏறினால் இன்றும் எனக்கு அந்த வண்டிதான் நினைவுக்கு வரும். ஓசூரில் ஒரு கம்பெனியில் வெல்டராக இருந்த அப்பா, பழைய இரும்புக் கடையில் தகடும் இரண்டு சக்கரமும் வாங்கி, ஞாயிற்றுக்கிழமைகளில் வீட்டு வாசலிலேயே பற்றவைத்துச் செய்த சின்ன இழுவை வண்டி அது. மூன்று பேர் ஒட்டிப் படுக்கலாம். நாங்கள் அதை ‘பெட்டிவண்டி’ என்போம். எதிர்வீட்டுக் கன்னடக்காரர் கோழிக்கூண்டு என்று கேலி செய்வார்.

மெஷின் பராமரிப்புக்காகக் கம்பெனிக்கு ‘ஷட்டவுன்’ லீவு விட்ட மே மாதத்தில், பழைய ஆம்னி வேனின் பின்னால் அதை மாட்டிக்கொண்டு அப்பாவும் அம்மாவும் ஒன்பது வயது நானும் கடல் பார்க்கக் கிளம்பினோம். அன்று பௌர்ணமி. கிரிவல நாள் என்பதற்குமேல் எங்களுக்கு அதில் அர்த்தமில்லை.

மதியம் இரண்டரைக்குப் போய்ச் சேர்ந்தபோது கடல் வெகுதூரம் தள்ளிக் கிடந்தது. எங்கள் பக்கத்துக் காவேரிப்பட்டினத்தில் தென்பெண்ணை ஆற்று மணலில் வண்டி ஓட்டிப் பழகிய அப்பாவுக்கு, காய்ந்த மணலில் சக்கரம் புதையும், ஈரமணல்தான் கெட்டித்தரை என்பது பால பாடம். படகு இறக்கும் பாதை வழியாக நேரே ஈரமணலுக்குப் போய், பெட்டிவண்டியைக் கழற்றி நிறுத்தி, சக்கரத்துக்குக் கட்டை கொடுத்தார். வலை உலர்த்திக்கொண்டிருந்த ஒரு அம்மாள் வந்து, “பொழுது சாய தண்ணி ஏறும், மேல ஏத்திடுங்க” என்றாள்.

அப்பா சிரித்துவிட்டார். “மழயே பெய்யலியேம்மா, தண்ணி எங்கிருந்து ஏறும்?”

ஏரி, ஆறு தவிர வேறு தண்ணீர் அறியாதவர் வேறென்ன சொல்வார். அந்த அம்மாள் எங்களை ஒருமாதிரிப் பார்த்துவிட்டுப் போனாள். அந்தப் பார்வை எனக்குப் பிடிக்கவில்லை.

தலைவலி மாத்திரை போட்டுக்கொண்டு அம்மா பெட்டிவண்டிக்குள் படுத்தாள். மாத்திரை போட்டால் இடி விழுந்தாலும் அவளுக்குத் தெரியாது. மீன் வாங்க ஊருக்குள் போவதற்காக அப்பா ஆம்னியைக் கிளப்பினார். பெட்டிவண்டிக் கதவு காற்றில் அடித்துக்கொண்டே இருந்தது. உள்தாழ்ப்பாள் வைக்க அவருக்கு நேரம் கிடைத்திருக்கவில்லை, வெளியில் மட்டும் ஒன்று இருந்தது. அம்மாவின் தூக்கம் கெடக்கூடாதே என்று நான் ஓடிப்போய் அதைப் போட்டுவிட்டு, அப்பாவிடம் சொல்லாமலே ஆம்னியில் ஏறி உட்கார்ந்தேன்.

வழியில் டயர் பஞ்சர். திரும்பும்போது மணி ஆறு இருக்கும். பௌர்ணமிக் கடல் பொங்கி ஏறியிருந்தது, நாங்கள் வண்டி ஓட்டிய மணலையே காணோம். பெட்டிவண்டி ஒரு பக்கம் சாய்ந்து தண்ணீருக்குள் நின்றது, அலை கதவின் பாதி உயரம்வரை மோதிக்கொண்டிருந்தது. உள்ளேயிருந்து தகரத்தைத் தட்டும் சத்தம் முதலில் வேகவேகமாகக் கேட்டது, பிறகு விட்டுவிட்டுக் கேட்டது. வலைக்கார அம்மாள் இடுப்பளவு தண்ணீரில் அதை நோக்கிப் போய்க்கொண்டிருந்தாள். அப்பா அவளைத் தாண்டி ஓடித் தாழ்ப்பாளை இழுத்தார்.

கரையில் கிடந்து உப்புத் தண்ணீரைக் கக்கியபின் அம்மா கேட்ட முதல் கேள்வி, “யாரு தாப்பா போட்டது?”

அப்பா என்னைப் பார்த்தார். நான் அழுத அழுகையிலேயே அவருக்குப் புரிந்திருக்க வேண்டும். “நாந்தான்” என்றார்.

அதன்பின் அம்மா கதவைச் சாத்திக்கொண்டு தூங்கியதில்லை. சின்னச் சண்டை வந்தாலும், “என்னப் பூட்டிட்டுப் போன மனுசன்தான நீ” என்பாள். அப்பா ஒருமுறைகூட மறுக்கவில்லை. நானும் வாய் திறக்கவில்லை.

பெட்டிவண்டி எடைக்குப் போய்விட்டது. நாங்கள் குடியிருந்த தெருவில் இப்போது ஒரு குடோனின் மதில்தான் நீள்கிறது. அப்பாவும் போய்விட்டார். போன வாரம் அவர் திதிக்குப் படத்தைத் துடைத்தபடி அம்மா, “நல்ல மனுசன்தான். ஆனா அன்னிக்கி என்னப் பூட்டிட்டுப் போயிட்டாரே” என்றாள். அந்தத் தாழ்ப்பாளைப் போட்ட கையாலேயே நான் அவருக்கு விளக்கேற்றினேன்.