அன்று மட்டும் இறங்கிய கோடு

சென்ற ஆண்டு தை மாதம். விருத்தாசலத்தில் பீங்கான் பட்டறைகளை ஒட்டியிருக்கும் எங்கள் தெருவுக்கு, முனைவர் பட்ட ஆய்வுக்காக மங்கலம்பேட்டையிலிருந்து ஒரு பெண் வந்தார். முதியவர்களின் உடல் இயக்கத்துக்கும் அவர்களின் ஆரோக்கியத்துக்கும் உள்ள தொடர்பே அவருடைய ஆய்வுப்பொருள். உடல் அசைவை அளக்கும், கைக்கடிகாரம் போன்ற ஒரு கருவியைத் தந்து, ஒரு வாரம் கழற்றாமல் கட்டியிருக்கச் சொன்னார். கல்லூரியில் ஆய்வு மாணவர்களை வழிநடத்தி ஓய்வுபெற்றவன் நான், மறுக்கத் தோன்றவில்லை.

என் மனைவி மறைந்து அப்போது சில மாதங்களே ஆகியிருந்தன. அதை அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

வாரத்தின் நடுவில் சரிபார்க்க வந்தார். என் கையிலிருந்த கருவியைக் கைபேசியுடன் இணைத்துப் பார்த்தவரின் முகம் மாறியது. திரையில் கோடு விடியற்காலையில் ஏறி, இரவு வரை இறங்கவே இல்லை. எப்படிக் கேட்பது என்று தயங்கியவர், பட்டறைக்காரப் பெரியவர் ஒருவரின் கதையைச் சொன்னார். களிமண் அரைக்கும் உருளையில் கருவியைக் கட்டிவிட்டு, அந்தப் பெரியவர் நிம்மதியாகப் படுத்துத் தூங்கிவிட்டாராம்.

“ஏன் தாத்தா இப்டி பண்ணீங்கன்னு கேட்டேன் சார். ‘நீ பாஸாவணும்ல பாப்பா’ன்றாரு.”

இருவரும் சிரித்தோம். பிறகு அவர் சிரிக்காமல் கேட்டார். “தப்பா எடுத்துக்காதீங்க சார். இத நீங்களேதான் கட்டியிருந்தீங்களா? சந்தேகம் இருந்தா உங்க கணக்க ஆய்வுலருந்து நான் எடுத்துடணும்.”

சுருக்கென்றது. ஆனால் ஆய்வு நெறிப்படி அது சரியான கேள்வி. அவர் இடத்தில் நானும் அதையே கேட்டிருப்பேன். அவர் நம்ப வேண்டுமானால் காரணத்தைச் சொல்ல வேண்டும். அதை என் மகனிடம்கூட நான் சொன்னதில்லை. விடிந்ததும் ரயில் நிலையம் வரை நடப்பேன். திரும்பி வந்து கதவைத் திறப்பேன். உடனே பூட்டிக்கொண்டு மணிமுத்தாற்றுப் பாலத்துக்கு நடப்பேன். சோறும் சமையலறையில் நின்றபடியேதான்.

“நான்தாம்மா கட்டியிருந்தேன்,” என்றேன். “வூட்ல உக்கார முடியல. உக்காந்தா, எதிர்ல எங்க வூட்டம்மா நாற்காலி இருக்குது. அவங்க போயிட்டாங்க.”

அவர் கைபேசியைக் கவிழ்த்து வைத்தார். “அம்மா என்ன பண்ணிட்டிருந்தாங்க சார்?”

பதில் நீளும் என்று தெரிந்தது. உட்காரச் சொல்லி அந்த நாற்காலியையே காட்டினேன். எதிரில் நானும் அமர்ந்தேன். பெண்ணாடத்துப் பள்ளியில் அவள் கணக்கு நடத்தியதில் தொடங்கினேன். பேருந்துக்கு நேரமாகிவிட்டது என்று அவர் எழும்வரை பேசிக்கொண்டிருந்தேன்.

வாரம் முடிந்து கருவியைத் திருப்பிக் கொடுத்தபோது முழுக் கோட்டையும் காட்டினார். பகலெல்லாம் உயர்ந்தே ஓடிய அது, ஒரே ஓரிடத்தில் மட்டும் இறங்கிக் கிடந்தது. “அன்னைக்கு நான் வந்தேனே சார், அப்ப,” என்றார்.

நாள் முழுதும் நடந்தவனை ஆரோக்கியமானவன் என்றும், உட்கார்ந்த அந்த நேரத்தைக் குறை என்றும் அவருடைய ஆய்வு எடுத்துக்கொண்டிருக்கும். அது தவறென்று சொல்ல மாட்டேன். ஆனால் இன்றும் கால்கள் காரணமின்றி வாசலை நோக்கி எழும்போது, கோடு இறங்கிய அந்த இடத்தை நினைத்துக்கொண்டு, எதிர் நாற்காலியைப் பார்த்தபடி சற்று நேரம் உட்கார்ந்திருக்கிறேன்.