பணம் கட்டிப் போகிற கப்பல்

"ஏளா செலின், கப்பலுக்குப் போறியாம்லா! சம்பளம் எவ்வளவு தாரானுவ?"

போன வருடம் பனிமய மாதா திருவிழா நெருங்கிய நாட்களில், தெருவில் இறங்கினால் எனக்கு இந்தக் கேள்விதான். மீன் வாங்கப் போனால் கேட்பார்கள். பூசை முடிந்து செருப்பைத் தேடும்போது கேட்பார்கள். நான் சிரித்து மழுப்பிவிட்டு நகர்ந்துவிடுவேன். கடைசியில் வெளியே வருவதையே நிறுத்திக்கொண்டேன். அப்படி அடைந்து கிடந்த என்னை ஆண்டவர் எப்படி வெளியே கொண்டுவந்தார் என்பதை, எங்கேயோ மூச்சுமுட்டிக் கிடக்கும் சகோதர சகோதரிகளுக்காக எழுதுகிறேன்.

நான் பிறந்தது மணப்பாடு. அப்பா இறந்தபிறகு அம்மாவும் தம்பி ஆன்டோவும் நானும் தூத்துக்குடியில் துறைமுகத்துக்குப் பக்கத்தில் வீடு எடுத்து வந்துவிட்டோம். ஒரு கல்லூரியில் கடல் உயிரியல் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தேன். கடல் தண்ணீரில் கண்ணுக்குத் தெரியாமல் மிதக்கிற நுண்செடிகள்தான் என் ஆராய்ச்சி. முத்துச்சிப்பிக் குஞ்சுக்குச் சாப்பாடு அதுதான். கடலடியில் சிப்பி வளர்கிற நம்முடைய பார்களில் அது ஏன் முன்போல் பிடிப்பதில்லை என்று தேடித் தேடி, நுண்செடிக்கு உரமாகும் சத்து கிளம்பி வருகிற தென்துருவக் கடல்வரை என் கேள்வி நீண்டுவிட்டது. அந்தச் சமயத்தில் பெண்கள் மட்டுமே போகும் ஆய்வுக் கப்பல் ஒன்றில் எனக்கு இடம் கிடைத்தது. பனிக்கடலில் ஒரு மாதம்.

சந்தோஷப்பட்டேன். ஆனால் அந்தக் குழுவுக்கு ஒரு விதி உண்டு. கப்பல் செலவில் ஒரு பங்கை ஒவ்வொருத்தியும் தன் ஊரிலேயே திரட்ட வேண்டும். ஊர் அறிந்து அனுப்பி வைக்க வேண்டும் என்பது அவர்கள் எண்ணம். நல்ல எண்ணம்தான். எங்கள் ஊரைப்பற்றி அவர்களுக்கு என்ன தெரியும்?

எங்கள் கடற்கரையில் கப்பலுக்குப் போகிறவன் என்றால் சம்பளம் வாங்குகிறவன். பணம் கட்டிக் கப்பலுக்குப் போகிறவன் என்றால் ஏமாந்தவன். இரண்டுக்கும் நடுவில் மூன்றாவதாக ஒரு ஆள் கிடையாது. கப்பல் வேலை வாங்கித் தருகிறேன் என்று ஏஜென்டுகள் எத்தனை வீட்டை மொட்டையடித்திருக்கிறார்கள்! என் தம்பி ஆன்டோ சங்கு குளிக்கப் போனவன். வள்ளத்தில் தனக்கிருந்த பங்கை விற்று ஒரு ஏஜென்டிடம் கொடுத்தான். மும்பையில் ஒரு அறையில் பத்துப் பேரோடு படுத்துக்கிடந்தான். அடுத்த வாரம் கப்பல், அடுத்த வாரம் கப்பல் என்றே மாதக்கணக்கில் ஓட்டினார்கள். திரும்பி வந்தவன் பேச்சைக் குறைத்துக்கொண்டான், பூசைக்கும் வருவதில்லை. ஐஸ் கம்பெனியில் ஐஸ் உடைக்கிற வேலைக்குச் சேர்ந்தான். எனக்கு இடம் கிடைத்த செய்தியைச் சொன்னபோது, "பனியப் பாக்கணும்னா எங்க கம்பெனிக்கு வா, சும்மாவே பாக்கலாம்" என்றான்.

கல்லூரியில் விடுப்புக் கேட்டேன். வேலையையே விட்டுவிட்டுப் போகச் சொன்னார்கள், விட்டேன். கையிலிருந்த சேமிப்பை முதல் தவணையாகக் கட்டினேன். போகாவிட்டாலும் அது திரும்பி வராது. கம்பெனி கம்பெனியாக ஏறி இறங்கினேன். ஒரு இடத்தில் காப்பி கொடுத்தார்கள், இன்னொரு இடத்தில் அறிவுரை கொடுத்தார்கள். காசு மட்டும் யாரும் கொடுக்கவில்லை. இதற்கு நடுவில் எங்கள் பங்குச் சாமியார் நல்ல மனதோடு, "நம் பங்கின் மகள் செலின் கப்பலில் பயணம் போகிறார், அவருக்காகச் செபிப்போம்" என்று பூசையில் அறிவித்துவிட்டார். அவ்வளவுதான். ஊரே எனக்குச் சம்பளம் போட்டுவிட்டது.

சொன்னால் வெட்கம், சொல்லாவிட்டால் துக்கம் என்பார்களே, அதுதான் என் நிலை. வாயைத் திறக்காவிட்டால் சம்பளக்காரி. என்னிடம் கடன் கேட்கக்கூட ஆள் வந்தது. உண்மையைச் சொன்னால், தம்பியைப்போல அக்காவும் ஏமாந்தாள் என்ற பெயர். திருவிழா முடிவதற்குள் மீதிப் பணம் போய்ச் சேர வேண்டும். இல்லையென்றால் என் இடம் வேறு பெண்ணுக்குப் போய்விடும். முன்னால் போக வழியில்லை. திரும்பிப் போக வேலையும் இல்லை. சன்னலைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருப்பேன்.

கொடியேற்றத்துக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை தெருத் திருவிழாக் கமிட்டிக்காரர்கள் வீட்டுக்கு வந்தார்கள். கப்பல் சம்பளம் வாங்கப் போகிற வீடு அல்லவா, பெரிய நன்கொடையாக எதிர்பார்த்தார்கள். கமிட்டித் தலைவர் லூர்து அண்ணாச்சி உரிமையோடு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். அம்மாவுக்குப் பொறுக்கவில்லை.

"சம்பளமெல்லாம் ஒண்ணுமில்ல அண்ணாச்சி. இவதான் அவங்களுக்குக் காசு கட்டணும்."

வந்தவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். லூர்து அண்ணாச்சி மெதுவாகச் சொன்னார். "அடப்பாவமே! ஆன்டோவ மாதிரியே இவளையும் ஏமாத்திட்டானுவளா? படிச்ச புள்ளயாச்சே."

ஆன்டோ உள்ளே சாப்பிட்டுக்கொண்டிருந்தான். பாதியில் கையைக் கழுவிவிட்டுப் பின்வாசல் வழியாகப் போய்விட்டான். எனக்கு அங்கேயே செத்துப்போகலாம்போல இருந்தது.

மாதா கோயிலுக்கு ஓடினேன். மத்தியான நேரம், கோயிலில் அதிகம் பேர் இல்லை. எனக்குச் செபம் வரவில்லை, கோபம்தான் வந்தது. "பனிமய மாதான்னு ஊரே உங்களக் கும்பிடுது. இங்கன ஒருத்தராவது பனியப் பாத்திருக்காவளா? நான் ஒருத்தி கேட்டேன், அது குத்தமா?" என்று அழுதேன். அப்புறம் மனது கொஞ்சம் அடங்கியது. "அம்மா, உங்கள் மகனிடம் சொல்லுங்கள். வழி இருந்தால் திறக்கட்டும். இல்லையென்றால் இந்த ஆசையை என்னிடமிருந்து எடுத்துவிடட்டும். இரண்டுக்கும் நடுவில் என்னால் இருக்க முடியவில்லை" என்று வேண்டினேன். ஒரு பெரிய மனிதரின் மனதைத் திறக்கும்படியும் கேட்டேன். கார் வைத்திருக்கிற, கப்பல் கம்பெனி வைத்திருக்கிற யாராவது.

வீட்டுக்கு வந்தால் ஆன்டோ எனக்காகக் காத்திருந்தான். போலீஸ்காரன்போலக் கேட்க ஆரம்பித்தான்.

"கப்பல் பேரென்ன? அதுக்கு ஒரு நம்பர் உண்டே, அது தெரியுமா? இப்ப எந்தத் துறைமுகத்துல கிடக்கு? காசு யார் பேருல கட்டுன? கேட்டா உடனே பதில் சொல்லுதாவளா, இல்ல நாளைக்கு நாளைக்குன்னு இழுக்காவளா?"

எனக்கு எரிச்சல் வந்தது. "ஏலே, நீ ஏமாந்தா எல்லாரும் ஏமாந்தவங்களா?" என்று கத்திவிட்டேன். அவன் கோபப்படவில்லை. "அவங்ககிட்ட நான் பேசணும்க்கா" என்றான்.

மறுநாள் குழுத்தலைவியோடு செல்போனில் முகம் பார்த்துப் பேசினோம். ஆன்டோ தமிழில் கேட்பான், நான் ஆங்கிலத்தில் சொல்வேன். அவன் கேட்ட கேள்விகளுக்கு அந்த அம்மாள் கோபித்துக்கொண்டு என் பெயரையே அடித்துவிடுவார் என்று பயந்தேன். அவரோ நிதானமாக ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னார். கப்பலின் பெயர், நம்பர், பழுதுபார்க்க நிற்கும் துறைமுகம் எல்லாம் கொடுத்தார். ஆன்டோ அவற்றைக் குறித்துக்கொண்டு, துறைமுகத்தில் வேலை பார்க்கிற தன் கூட்டாளியிடம் போனான். உலகத்தில் எந்தக் கப்பல் எங்கே நிற்கிறது என்று காட்டுகிற ஆப் ஒன்று அவரிடம் இருந்தது.

சாயங்காலம் திரும்பி வந்தவன் செல்போனை என் முகத்துக்கு நேராக நீட்டினான். தென்னமெரிக்காவின் அடிக்கோடியில் ஒரு சின்னப் பச்சைப் புள்ளி. பக்கத்தில் என் கப்பலின் பெயர்.

"இந்தக் கப்பல் நெசமாவே இருக்குக்கா," என்றான். அப்புறம் செல்போனைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டான். "எனக்குச் சொன்ன கப்பல இதுல எத்தன தடவ தேடியிருக்கேன் தெரியுமா? அப்படி ஒண்ணு கிடையவே கிடையாதுக்கா."

திரும்பி வந்த நாளிலிருந்து அழாதவன் அன்று அம்மா மடியில் விழுந்து அழுதான். நாங்கள் மூன்று பேரும் அழுதோம். பணம் வருவதற்கு முன்பே எங்கள் வீட்டில் ஏதோ ஒன்று திறந்துவிட்டது.

அடுத்த ஞாயிறு ஆன்டோ சட்டையைத் தேய்த்துப் போட்டுக்கொண்டு பூசைக்கு வந்தான். பூசை முடிந்ததும் சாமியாரிடம் கேட்டுவிட்டு மைக்கைப் பிடித்தான்.

"என்னய எல்லாருக்கும் தெரியும். காசு கட்டிக் கப்பலுக்குன்னு போயி ஏமாந்தவன். இந்த ஊர்ல திருட்டு ஏஜென்ட் வாடை அடிச்சா மொதல்ல எனக்குத்தான் தெரியும். நான் விசாரிச்சிட்டேன். இது அது இல்ல. எங்க அக்கா வேலைக்குப் போகல, படிக்கப் போறா. நம்ம கடலப் பத்தித்தான் படிக்கப் போறா. சம்பளம் கிடையாது. நாமதான் அனுப்பி வைக்கணும்."

சூடு கண்ட பூனை அடுப்பங்கரை சேராது என்பார்கள். அந்தப் பூனையே வந்து அடுப்பில் நெருப்பில்லை என்று சொன்னால் நம்பாமல் இருக்க முடியுமா? முதலில் எழுந்து வந்தவர் ஜெபமாலை அக்கா. அவர் மகனும் அதே மும்பை அறையில் கிடந்தவன். மீன் விற்ற காசை முந்தானையிலிருந்து அவிழ்த்து என் கையில் வைத்து மூடினார். "எம்மவனுக்குத்தான் கப்பல் வரல. நீயாவது ஏறுளா" என்றார். வள்ளக்காரர்கள் ஒருநாள் பிடித்த மீன்பாட்டில் எனக்கென்று ஒரு பங்கு ஒதுக்கினார்கள். லூர்து அண்ணாச்சி எனக்காக வசூலுக்குக் கிளம்பினார். எனக்குக் காப்பி கொடுத்து அனுப்பிய அதே கம்பெனிக்குப் போய், ஊரே கொடுத்திருக்கிறது, உங்களுக்கென்ன கேடு என்று கேட்டாராம். மாதாவின் சப்பரம் நிலைக்கு வருவதற்கு முன்னால் பணம் முழுவதும் போய்ச் சேர்ந்துவிட்டது.

நான் போனேன். பனியைப் பார்த்தேன். பனிக்கடலின் தண்ணீரை மொண்டு என் நுண்செடிகளை நுண்ணோக்கியில் பார்த்தேன். அந்த மௌனத்தில் பனிமய மாதாவுக்கு ஒரு செபமாலை சொன்னேன். கப்பல் ஏறிய அன்று வீட்டுக்குப் பேசியபோது ஆன்டோ முதலில் கேட்டது, "அக்கா, பாஸ்போர்ட்டு யார் கையில இருக்கு?" ஏஜென்டுகள் முதலில் பிடுங்கி வைத்துக்கொள்வது அதைத்தான். "எங்கிட்டதாம்லே இருக்கு" என்றேன். "அப்ப சரி, போயிட்டு வா" என்றான்.

இன்றைக்குக் கப்பல் வேலை என்று யார் ஆசை காட்டினாலும், பணம் கட்டுவதற்கு முன் பையன்கள் ஆன்டோவிடம்தான் வருகிறார்கள். அவன் மறுபடியும் சங்கு குளிக்கப் போகிறான். ஞாயிறு தவறாமல் பூசைக்கும் வருகிறான். எனக்கு வேறொரு கல்லூரியில் வேலை கிடைத்திருக்கிறது.

அன்பானவர்களே, கதவெல்லாம் சாத்தியிருக்கிறது என்று அழுகிறீர்களா? கேளுங்கள். கோபமாகவாவது கேளுங்கள், அவர் கோபித்துக்கொள்ள மாட்டார். நான் காரில் வரும் பெரிய மனிதரை அனுப்பச் சொல்லிக் கேட்டுவிட்டு வாசலையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஆண்டவர் அனுப்பியது, ஊரே ஏமாளி என்று சிரித்த என் தம்பியை. என்னைக் கப்பல் ஏற்றுகிற சாக்கில் அவனையும் கரையேற்றிவிட்டார். அவருக்கு என் வாழ்நாளெல்லாம் நன்றி.