மேஜையில் சரியாக ஓடிய ஆம்ப்

என் நாத்தனாரைப் பற்றி எந்த கிதார்காரரிடம் கேட்டாலும் ஒரே பல்லவிதான் பாடுவார். கிதார் சத்தத்தைப் பெருக்கிக் கொடுக்கிற வால்வு ஆம்ப் என்றால் அவர்தான், அவர் கை வைத்தால் செத்த ஆம்ப்பும் எழுந்து உட்காரும் என்பார். கல்யாணமான நாளிலிருந்து அவரோடு ஒரே வீட்டில் குப்பை கொட்டுகிறவள் நான். என்னைக் கேட்டால் வேறு மாதிரி சொல்வேன். என்னை யாரும் கேட்பதில்லை. அதனால் நானாகவே சொல்கிறேன்.

எங்கள் வீட்டு முன்னறைதான் அவருடைய பட்டறை. அங்கே சோபா கிடையாது, டீப்பாய் கிடையாது. வருகிற விருந்தாளி சமையலறை வாசலில் நிற்க வேண்டியதுதான். சுவரோரம் முழுக்க ஆம்ப்புகள், நடுவில் ஒரு நீளமான மேஜை, மேஜை மேல் கரண்டை அளக்கிற மீட்டர். தெருக்கோடி வீடு என்பதால் கரண்ட் எப்போதும் மந்தமாகத்தான் வரும். மின்விசிறியின் இறக்கைகளை எண்ணிவிடலாம். அந்தப் புழுக்கத்தில் வால்வுகளின் சூடும் சேர்ந்துகொள்ளும். நாத்தனாரை நான் அண்ணி என்றுதான் கூப்பிடுவேன்; அண்ணிக்கு அதெல்லாம் உறைக்கவே உறைக்காது.

வால்வு ஆம்ப்பில் ஒரு சங்கடம் உண்டு. யாரும் வாசிக்காமல் சும்மா இருக்கும்போதும் அந்தக் கண்ணாடி வால்வுக்குள் கொஞ்சம் கரண்ட் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். குறைந்தால் சத்தம் உயிரில்லாமல் வறண்டு போகும். கூடினால் உள்ளே இருக்கிற தகடு சிவந்து வால்வே பாழாகும். அந்த அளவைச் சரிசெய்ய உள்ளே ஒரு சின்னத் திருகு இருக்கிறது. அதைத் திருகி அளவு வைப்பதற்குப் பெயர்தான் பயாஸ் வைப்பது. ஆம்ப்பைத் திறந்து, கரண்ட் ஓட ஓட இதைச் செய்ய வேண்டும். உள்ளே ஓடும் கரண்ட் ஆளையே கொன்றுவிடும் என்பதால் அண்ணி ஒரு கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு மறு கையால்தான் வேலை பார்ப்பார். இரண்டு கையையும் உள்ளே விட்டால் கரண்ட் நெஞ்சு வழியாகப் பாயுமாம். முதல்முறை பார்க்கிறவர்கள் அவருக்குக் கை விளங்கவில்லை என்று நினைத்துக்கொள்வார்கள். ஒருவர் நல்ல வைத்தியரின் விலாசம்கூடக் கொடுத்துவிட்டுப் போனார்.

கோபம் மட்டும் இரண்டு கைக்கும் சேர்த்து வரும். ஃபியூஸ் போன இடத்தில் சிகரெட் பாக்கெட்டின் ஈயத்தாளைச் சுற்றிக்கொண்டு வந்த ஒருவரை வாசல் கேட் வரை திட்டிக்கொண்டே துரத்தினார். பயாஸைக் கொஞ்சம் கூட்டி வையுங்கள், சத்தம் இன்னும் இனிக்கும் என்று யாராவது வாயைத் திறந்தால் போச்சு. வீட்டைக் கொளுத்தினாலும்தான் வெளிச்சம் வரும், செய்வோமா என்று கேட்பார். யாருக்கும் எல்லையைத் தாண்டி வைக்க மாட்டார். எல்லைக்கு நல்ல தூரத்திலேயே நிறுத்திவிடுவார்.

என் வீட்டுக்காரர் அவருக்கு ஒரே தம்பி. வாரம் முழுக்கக் கூரியர் ஆபீசில் பார்சலை எடை போட்டு, வருகிறவன் போகிறவனிடமெல்லாம் வசவு வாங்கி, பேசாமல் வீட்டுக்கு வருகிற மனுஷர். சனிக்கிழமை மட்டும் ஆளே வேறு. ஒரு நட்சத்திர ஓட்டலில் சாயங்காலம் ஒரு குழு பாடும். அதில் கிதார் இவர். மற்ற நாட்களையெல்லாம் பல்லைக் கடித்துக்கொண்டு ஓட்டுவதே அந்த மேடைக்காகத்தான். அது போனால் மனுஷர் வெறும் பார்சல்தான். இது எனக்குத் தெரியும், அண்ணிக்கும் நன்றாகவே தெரியும்.

ஒரு சனிக்கிழமை, பாட்டு பாதியில் இருக்கும்போது இவருடைய ஆம்ப் கருகல் வாசனையோடு அடங்கிவிட்டது. குழுவை நடத்துகிற பாடகர் மைக்கிலேயே கிண்டல் செய்தாராம், கூட்டம் சிரித்ததாம். மறுநாள் அண்ணி ஆம்ப்பைத் திறந்தார். இரண்டு பெரிய வால்வுகளும் காலி. பயாஸ் திருகை யார் தொட்டது என்று கேட்டார். நான் தொடவில்லை என்றார் இவர். சின்ன வயதில் அண்ணியின் முதல் மீட்டரைப் பிரித்துப் போட்டவர் இவர்தான். அந்தப் பழைய பஞ்சாங்கத்தை அண்ணி அன்றைக்கும் எடுத்தார். புது வால்வு போட்டு, பயாஸ் வைத்து, நாள் முழுக்க ஓடவிட்டுப் பார்த்துவிட்டுக் கொடுத்தார்.

அடுத்த சனிக்கிழமையே மறுபடியும் அதே கதை. மறுநாள், இந்தத் தடவை அண்ணி கேள்வியே கேட்கவில்லை. தீர்ப்புதான் சொன்னார். அதே மேஜையிலிருந்து போன மற்றவர்களின் ஆம்ப் எல்லாம் ஓடுகிறது, இவன் ஆம்ப் மட்டும் எப்படிப் போகும்? இவர் சத்தியம் செய்தார். அண்ணி முகத்தைத் திருப்பிக்கொண்டு வேறொரு ஆம்ப்பைத் துடைக்க ஆரம்பித்தார்.

அதோடு நின்றிருந்தால் வீட்டுச் சண்டையாகவே போயிருக்கும். அன்று சாயங்காலம், ஆம்ப் ஏன் இப்படிப் போகிறது என்று கேட்டுப் பாடகர் அண்ணிக்குப் போன் செய்தார். நான் பக்கத்தில்தான் இருந்தேன்.

"நான் சரியாத்தான் குடுத்தேன் சார். என் தம்பிக்குக் கை சும்மா இருக்காது. திருகிப் பாத்திருப்பான்" என்றார் அண்ணி.

எனக்குக் கோபம் உச்சந்தலை வரை ஏறியது. பட்டறையின் பெயரைக் காப்பாற்றக் கூடப்பிறந்தவனை விற்றுவிட்டு, போனை வைத்த கையோடு ஸ்க்ரூ டிரைவரைத் தேடுகிறார். இரண்டு நாளில் பாடகர் இவரிடம் சொல்லிவிட்டார், இனி வர வேண்டாம், வேறு ஆள் பார்த்தாயிற்று என்று. இவர் என்னிடம் அதைச் சொன்னபோது காலில் இருந்த ஷூவைக்கூடக் கழற்றவில்லை. சாப்பிட்டார், படுத்தார், காலையில் கூரியர் ஆபீசுக்குப் போனார். ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டாத புருஷனைப் பார்த்துக்கொண்டிருப்பது எவ்வளவு கஷ்டம் என்று அனுபவித்தவர்களுக்குத்தான் தெரியும்.

நான் பட்டறைக்குப் போய் அந்த மீட்டரைக் கையில் எடுத்தேன். அதை யாரும் தொடக் கூடாது. அண்ணி நிமிர்ந்தார்.

"அண்ணி, இதுவரைக்கும் ஒரு தடவையாவது அந்த ஓட்டலுக்குப் போயிருக்கீங்களா? ஆம்ப் போனது இந்த மேஜையில இல்ல. அங்க. அங்க வந்து பாத்துட்டு அப்புறம் சொல்லுங்க, இவர்தான் கெடுத்தார்னு. வரலைன்னா இதைத் தூக்கித் தெருவுல போட்டுடுவேன்."

முறைத்தார். நானும் முறைத்தேன். அந்த ஆம்ப்புக்கு மறுபடியும் புது வால்வு போட்டு, எப்போதும்போல் மேஜையிலேயே பயாஸ் வைத்தார். சனிக்கிழமை மத்தியானம் மூன்று பேரும் ஒரு வண்டியில் போனோம். இவர் வர மாட்டேன் என்றுதான் சொன்னார். ஆம்ப்பைத் தூக்க ஆள் வேண்டுமே என்று இழுத்துக்கொண்டு போனேன்.

ஓட்டல் கூடத்தில் நாற்காலிகளுக்கு உறை மாட்டிக்கொண்டிருந்தார்கள். பாடகர் மைக்கைச் சரிபார்த்துக்கொண்டிருந்தார். புது ஆள் மேடையில் இவர் நிற்கிற இடத்தில் நின்று கம்பி முறுக்கிக்கொண்டிருந்தார். அண்ணி யாரையும் பார்க்காமல் மேடைக்குப் பக்கவாட்டில் ஆம்ப்பைத் திறந்து வைத்து, பிளக்கை மாட்டி, ஒரு கையைப் பின்னால் கொண்டுபோனார். வால்வுகள் சூடாயின. சூடாகிக்கொண்டே போயின. அதில் யாரும் கிதாரை மாட்டக்கூட இல்லை. அடுப்பில் வைத்த இரும்புச் சட்டிபோல் தகடு மெல்லச் சிவந்தது.

சட்டென்று ஆம்ப்பை அணைத்தார். மீட்டரை ஆம்ப்பிலிருந்து எடுத்து, சுவரில் இருந்த பிளக் பாயிண்டில் வைத்துப் பார்த்தார். பக்கத்து பாயிண்டிலும் பார்த்தார். அண்ணியின் முகம் வெளுத்து நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

எங்கள் வீட்டுக் கரண்ட் நொண்டி. ஓட்டல் கரண்ட் குதிரை. வீட்டில் அளவாகத் தெரிந்த பயாஸ் இங்கே எல்லை மீறிவிட்டது. அப்படியானால் மற்றவர்களின் ஆம்ப் ஏன் போகவில்லை என்று நான் கேட்டேன். அண்ணி மீட்டரைக் கீழே வைத்தார். அப்புறம் சொன்னார். மற்றவர்களுக்கெல்லாம் எல்லைக்கு வெகு தூரத்தில் வைப்பவர், கொஞ்ச நாளாகத் தம்பிக்கு மட்டும் விளிம்பு வரை வைத்திருக்கிறார். அந்தச் சத்தம் அவனுக்குப் பிடிக்கும் என்று. அவனிடம்கூடச் சொல்லாமல் வைத்தது. எனக்கு அவரை அறையலாம் போலவும் இருந்தது, கட்டிக்கொண்டு அழலாம் போலவும் இருந்தது. கோபம்தான் கூடுதலாக இருந்தது.

அங்கேயே உட்கார்ந்து அந்த ஓட்டல் கரண்டுக்குத் தகுந்தபடி பயாஸைக் குறைத்து வைத்தார். தகடு சிவக்கவில்லை. எழுந்து, முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு, நேராகப் பாடகரிடம் போனார். உறை மாட்டிக்கொண்டிருந்தவர்கள்கூடத் திரும்பிப் பார்க்கிற குரலில் சொன்னார்.

"தப்பு என்னோடது சார். வீட்டு வோல்டேஜ் கம்மி, அதுல வெச்சுக் குடுத்துட்டேன். என் தம்பி எதையும் தொடல."

பாடகர் கெட்டவர் இல்லை. மரியாதையாகத்தான் பேசினார்.

"அன்னைக்கு நீங்க சொன்னீங்க, நம்பினேன். சொந்த அக்காவே சொல்றாங்களேன்னு நம்பினேன். இன்னைக்குத் தம்பி வேலை போகுதுன்னு சொல்றீங்க. அதுவும் அக்கா செய்யறதுதான். விடுங்க மேடம்."

அண்ணி மீட்டரை நீட்டினார், வந்து பாருங்கள் என்றார். பாடகர் பார்க்கவில்லை. எனக்கு அதெல்லாம் புரியாது என்று சொல்லிவிட்டு மைக்கை நோக்கித் திரும்பினார். புது ஆள் வாசிக்க ஆரம்பித்தார். நன்றாகவே வாசித்தார், அதுதான் இன்னும் எரிச்சலாக இருந்தது.

இவர் ஆம்ப்பை மூடி, மூலைத் திருகுகளை ஒவ்வொன்றாக முடுக்கி, வண்டியில் ஏற்றினார். வண்டி கிளம்பியதும் அண்ணி பேசத் தொடங்கினார். நாளைக்கும் வருவேன், கரண்ட் வேலை தெரிந்த ஆளைக் கூட்டிவந்து காட்டுவேன், அந்தப் பாடகரை நம்ப வைக்காமல் விட மாட்டேன் என்று அடுக்கிக்கொண்டே போனார். இவர் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அவர் நம்பலைன்னா போகட்டும்க்கா. அவருக்கு நான் யாரு? நான் தொடலன்னு உன்கிட்டதானே சொன்னேன்."

அண்ணியை நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்க வேண்டும் என்று அந்த வாரம் முழுக்க நான் சேர்த்து வைத்திருந்த வார்த்தைகளுக்கு அதற்கப்புறம் வேலை இல்லை.