பிளக்கில் வைத்த பொட்டு

வேலந்தாவளத்தில் வண்டிச் சக்கரங்களுக்கு இரும்புப் பட்டை போடும் குடும்பத்தில் பிறந்தவர் அப்புசாமி. கடலை எண்ணெய் ஆலையில் எஞ்சின் ஓட்டியபோது, அது நின்றுபோகும் போதெல்லாம் பிரித்துப் பிரித்துப் பார்த்தே வேலை கற்றார். பிறகு எலப்புள்ளி ஈஸ்வரமூர்த்தி, கோயமுத்தூரில் யாரோ ஓட்டிக் களைத்த மோட்டார் கார் ஒன்றை வாங்கி, அதை ஓட்டவும் பழுதுபார்க்கவும் இவரை வைத்துக்கொண்டார்.

எந்தப் பழுதையும் அப்புசாமி ஊகித்துச் சொல்லமாட்டார். கிளம்பாத வண்டி என்றால் முதலில் பெட்ரோல் வரும் வழி, அப்புறம் நெருப்பு வரும் வழி. ஒன்று சரி என்று கண்ணால் பார்த்த பிறகே அடுத்ததைத் தொடுவார். "எல்லாத்தையும் ஒண்ணாக் கழட்டுனா, வண்டி கெளம்பினாலும் எதுனால கெளம்புச்சுன்னு தெரியாதுங்க" என்பார்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் தொடக்கத்தில் ஓர் ஆயுதபூசை. வண்டியைக் கழுவி மாலை போட்டு, ஸ்பேனர்களை அதன்முன் பரப்பிக் காலையிலேயே பூசை முடிந்தது. மறுநாள் பூசை எடுக்கும்வரை யாரும் எதையும் தொடக்கூடாது. தலைப்பிரசவத்துக்கு வந்திருந்த ஈஸ்வரமூர்த்தியின் மகள் கமலாத்தாளுக்கு அன்று வலி கண்டது. மத்தியானம் தாண்டி மருத்துவச்சி குருவம்மாள் வெளியே வந்தாள்.

"புள்ளை குறுக்கால கெடக்குதுங்க. எங்கைக்கு அடங்காது. பாலக்காட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுட்டுப் போயிருங்க, இப்பவே."

கிழக்கே மலைமேல் மேகம் கருத்திருந்தது. அங்கே மழை இறங்கினால் கோரையாறு பெருகி, பாலக்காட்டு வழியிலுள்ள தரைப்பாலத்தை மூழ்கடித்துவிடும். அப்புறம் மோட்டாரும் போகாது, மாட்டுவண்டியும் போகாது.

கமலாத்தாளின் அம்மா மருதாத்தாள் வண்டி நின்ற கொட்டகையின் வாசலை மறித்தாள். "பூசை எடுக்காம ஆயுதத்தைத் தொடறதா? வேண்டாமுங்க, அது உசுரு கேக்கும்."

"புள்ளை போயிருச்சுன்னா பூசையை வெச்சுட்டு என்ன பண்றது? தள்ளு" என்றார் ஈஸ்வரமூர்த்தி.

அப்புசாமி ஸ்பேனரைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு எடுத்தார். ஈஸ்வரமூர்த்தி முன்னால் குனிந்து ஹேண்டிலைச் சுற்றினார். எஞ்சின் ஒரு தும்மல்கூடத் தும்மவில்லை.

பெட்ரோல் குழாயைக் கழற்றினால் சொட்டியது. சரி. ஒரு பிளக்கின் ஒயரை உருவி, அதன் முனையை எஞ்சின் இரும்புக்குப் பக்கத்தில் பிடித்துக்கொண்டு சுற்றச் சொன்னார். நீலப்பொறி சொடுக்கெனத் தாவியது. அதுவும் சரி. மிச்சமிருந்தது அந்தப் பொறியை எஞ்சினுக்குள் கொண்டுபோகும் பிளக்குகள்தான்.

நான்கின் வெள்ளைப் பீங்கான் கழுத்திலும் குழைத்த சந்தனம், நடுவில் குங்குமம். மருதாத்தாள் வைத்தது. "வண்டிக்கு உசுரு எங்கீப்பா இருக்குது?" என்று காலையில் கேட்டிருந்தாள். இவரும் காட்டியிருந்தார். மகளுக்காக வேண்டிக்கொண்டு வைத்த பொட்டு. அது கலையாதபடி ஒவ்வொரு பிளக்காகக் கழற்றி, முனையில் இருந்த கரியைச் சுரண்டி, இடைவெளி பார்த்து மாட்டினார்.

மறுபடியும் சுற்றினார்கள். ஒன்றுமில்லை. ஈஸ்வரமூர்த்தியின் உள்ளங்கை உரிந்துவிட்டது.

"காளையா இருந்தா வாலைக் கடிச்சாவது எழுப்பியிருப்பேன். இந்தச் சனியனுக்கு வாலு எங்கடா?"

உள்ளே கமலாத்தாள் அலறிக்கொண்டிருந்தாள். திடீரென்று அந்த அலறல் நின்றது. அதைவிட அலறலே தேவலை என்றிருந்தது. காற்றும் நின்றது. கோழிகள் பட்டப்பகலில் கூடையருகே போய் ஒண்டின. மேகம் தலைக்குமேல் வந்து கொட்டகை இருண்டது.

"இன்னொருக்காச் சுத்துங்க" என்றார் அப்புசாமி.

அந்த இருட்டில்தான் தெரிந்தது. பீங்கானின்மேல், மழைப் புழுக்கத்தில் காயாமலிருந்த ஈரச் சந்தனத்தின் வழியாக, நூல்போல ஒரு நீலப் புழு நெளிந்து வெளி இரும்பில் இறங்கியது. நான்கிலும் அப்படியே. நெருப்பு உள்ளே போகவேயில்லை. வெளியிலேயே வழிந்துகொண்டிருந்தது.

அப்புசாமி சுற்றுவதை நிறுத்தச் சொன்னார். பிறகு தோள்துண்டை எடுத்து, முன்னால் குனிந்திருந்த ஈஸ்வரமூர்த்திக்குத் தெரியாமல், நான்கு பொட்டையும் அழுத்தித் துடைத்தார். பின்சீட்டில் மெத்தை விரிக்க வந்த குருவம்மாள் அதைப் பார்த்துவிட்டாள்.

"இதுனாலயா?"

"ஆமாங்கக்கா. வாயைத் தொறந்துறாதீங்க" என்றார் தாழ்ந்த குரலில்.

அடுத்த சுற்றில் எஞ்சின் உறுமியது.

தரைப்பாலத்தின்மேல் தண்ணீர் ஏறியிருந்தது. சக்கரத்தின் நடுக்குடம்வரை நனைய, நிறுத்தாமல் ஓட்டிக் கரை சேர்த்தார். கமலாத்தாள் பிழைத்தாள். குழந்தை, ஆஸ்பத்திரி போய்ச் சேர்வதற்குக் கொஞ்ச நேரத்துக்கு முன்புதான், வயிற்றிலேயே இறந்திருந்தது.

"பூசை எடுக்காம ஆயுதத்தைத் தொட்டான். அது எம் பேரனைத் தின்னுருச்சு" என்று மருதாத்தாள் போகிற இடமெல்லாம் சொன்னாள். அப்புசாமியின் கை ராசி கெட்டது என்று ஊரே நம்பியது. கிணற்றடி எஞ்சினைப் பார்க்கக்கூட அவரை யாரும் கூப்பிடவில்லை. என்ன கோளாறு என்று கேட்ட ஈஸ்வரமூர்த்தியிடம், "ஈரமுங்க" என்று மட்டும் சொன்னார்.

"உண்மையைச் சொல்லித் தொலையேன்" என்றாள் குருவம்மாள்.

"சொன்னா அந்தம்மா கெணத்துல உழுந்துருவாங்கக்கா."

அடுத்த வருஷம் கமலாத்தாள் மறுபடி உண்டானாள். அப்புசாமி அந்த வீட்டில் இருக்கக்கூடாது என்று மருதாத்தாள் பிடிவாதமாக நின்றாள். ஈஸ்வரமூர்த்தி தலைகுனிந்து கணக்கு முடித்தார். கோபாலபுரத்தில் ஒருவரிடம் லாரி ஓட்டப் போவதாகச் சொல்லிவிட்டு, அப்புசாமி வாசலில் தயங்கி நின்றார். ஆயுதபூசையும் பிரசவமும் இந்த முறையும் பக்கம் பக்கமாகவே வரும்.

"அம்மாங்க, இந்தப் பூசைக்கு எஞ்சின் மூடியைத் தொறக்க வேண்டாமுங்க. உள்ளே பொட்டு வேண்டாம்."

"ஏன்?"

எதற்கும் காரணம் சொல்கிற மனிதர். "சும்மாத்தானுங்க" என்றார்.

மருதாத்தாள், போன பூசைக்குத் தான் உள்ளே பொட்டு வைத்த வண்டியைத் திரும்பிப் பார்த்தாள். அவர் தெருமுனை திரும்புவதற்குள், அன்றைக்கு வண்டி பக்கத்தில் இருந்த குருவம்மாளைக் கூட்டிவரச் சொல்லி ஆள் அனுப்பினாள்.