இரவல் குழம்பு

அந்தத் தெருவில் எங்கே சாப்பிடலாம் என்று யாரைக் கேட்டாலும், பாத்திரக்காரம்மாவைக் கேளுங்கள் என்றுதான் கை காட்டுவார்கள். பல நாட்டுக்காரர்கள் பிழைக்க வந்து கடை போட்ட தெரு அது. ஒரு கடையில் பேசுகிற பாஷை அடுத்த கடைக்குப் புரியாது. தாளிக்கிற வாசனை மட்டும் யாரையும் கேட்காமல் நாலு கடைக்குப் போய்வரும். புதிதாக வந்தவர்கள் பெயர்ப் பலகைகளைப் பார்த்துத் திருதிருவென்று முழித்தால், அம்மா ஒரே பார்வையில் ஆளை எடைபோட்டுவிடுவாள். வயிறு சரியில்லாதவருக்கு ஒரு கடை, கோபித்துக்கொண்டு வீட்டைவிட்டு வந்தவருக்கு ஒரு கடை, கல்யாணம் நிச்சயமான ஜோடிக்கு ஒரு கடை. அவள் சொல்லிக் கெட்டவர் எவருமில்லை. அதில் அவளுக்குத் தலைக்கனமும் உண்டு, மறைப்பானேன்.

தலைக்கனத்துக்கு நியாயமும் இருந்தது. மகன் நடை பழகுமுன்பே கணவன் போய்ச் சேர்ந்துவிட, அந்தத் தெருவின் பின்வாசல்கள்தான் அவளைக் காப்பாற்றின. அநேகமாக எல்லாக் கடையிலும் பாத்திரம் தேய்த்திருக்கிறாள். முன்வாசல் வழியாக வருகிறவர்களுக்குப் பலகையும் விளக்கும் தெரியும். அவளுக்கு அடிப்பிடித்த சட்டி தெரியும். யார் பழைய எண்ணெயை வடிகட்டி மறுபடி ஊற்றுகிறார், யார் காய் கழுவச் சோம்பேறித்தனப்படுகிறார் என்பதெல்லாம் அத்துப்படி.

மகன் நன்றாகப் படித்து அலுவலக வேலைக்குப் போனான். ஒரு பெண்ணைப் பிடித்திருக்கிறது என்று வீட்டுக்கு அழைத்து வந்தான். பாத்திரக்காரம்மா விழுந்து விழுந்து சமைத்திருந்தாள். அந்தப் பெண்ணோ கைப்பையிலிருந்து ஒரு டப்பாவை எடுத்து, தான் கொண்டுவந்த சோற்றைத் தின்றாள். அம்மாவுக்கு முகம் சுண்டிவிட்டது. அப்புறம்தான் மகன் விஷயத்தை உடைத்தான். அந்தப் பெண்ணுக்கு வேர்க்கடலை ஒத்துக்கொள்ளாது. ஒரு துணுக்கு உள்ளே போனாலும் தொண்டை அடைத்துக்கொள்ளும், மூச்சு நின்றுவிடும். சின்ன வயதில் ஒருமுறை சாகக் கிடந்து பிழைத்தவள். அதற்குப் பிறகு வெளியிடத்தில் பச்சைத்தண்ணீர்கூடக் குடித்ததில்லை. ஓட்டல் நாற்காலியில் உட்கார்ந்ததே இல்லை.

இதைக் கேட்டதும் அம்மாவுக்கு மனசு பொறுக்கவில்லை. இவ்வளவு பெரிய தெருவை வைத்துக்கொண்டு, வீட்டுக்கு வரப்போகிற மருமகளுக்கு ஒரு வாய்ச் சோறு வாங்கித்தர முடியாதா என்று ரோஷம் வந்துவிட்டது. அன்பு பாதி, வீம்பு பாதி. மகன் வேண்டாம் என்றான். பெண்தான், "அத்தை கூட இருந்தா பயமில்ல" என்று தலையாட்டினாள்.

அம்மா தேர்ந்தெடுத்தது சூப்புக் கடை. தெருவிலேயே சுத்தமான அடுப்பு அது. அதன் முதலாளி அவளை அக்கா அக்கா என்று சுற்றிவருகிறவர். காலையிலேயே போய் எண்ணெய் டின்னை முகர்ந்தாள், மாவு டப்பாவில் கைவிட்டுப் பார்த்தாள், கரண்டிகளைத் தானே வெந்நீரில் கழுவி வைத்தாள். வேர்க்கடலை போடுவீர்களா என்று கேட்டதற்கு, அதை நான் கடைக்குள்ளேயே விட்டதில்லை அக்கா என்று சூப்புக் கடைக்காரர் சத்தியம் செய்தார். அவருக்குத் தெரிந்தவரை அது அப்பட்டமான உண்மை.

மத்தியானம் கூட்டம் அலைமோதியது. மகன் வேலையிலிருந்து வரத் தாமதமாகும் என்றதால் பெண்ணும் அம்மாவும் மட்டும் உட்கார்ந்தார்கள். கிண்ணத்தில் ஆவி பறக்கச் சூப்பு வந்தது. பெண் கரண்டியைக் கையில் எடுத்துக் கொஞ்ச நேரம் அப்படியே பிடித்திருந்தாள். பிறகு அத்தையைப் பார்த்துச் சிரித்துவிட்டு ஒரு வாய் குடித்தாள். அவள் கண் விரிந்ததைப் பார்த்ததும் அம்மாவுக்குக் கால் தரையில் நிற்கவில்லை. இதைக் கடைக்காரரிடம் சொல்லிப் பீற்றிக்கொள்ளாமல் அவளால் எப்படி இருக்க முடியும்? நேரே சமையல்கட்டுக்குள் போனாள்.

அடுப்புக்குப் பக்கத்தில் காதுடைந்த ஒரு தூக்குச்சட்டி இருந்தது. சூப்புக் கடையில் அப்படிச் சட்டி கிடையாது. அது பக்கத்துக் கறிக்குழம்புக் கடையினுடையது. எத்தனையோ முறை அவள் கையாலேயே தேய்த்தது.

தெருவில் ஒரு வழக்கம் உண்டு. கூட்டத்தில் சரக்குத் தீர்ந்துபோனால் பின்வாசல் வழியாகப் பக்கத்துக் கடையில் இரவல் வாங்கிக்கொள்ளலாம். ஆனால் அதில் என்ன சேர்த்திருக்கிறாய் என்று மட்டும் கேட்கக் கூடாது. கைப்பக்குவத்தைக் களவாடப் பார்க்கிறான் என்று ஆகிவிடும். வாங்கினதை வெளியே சொல்லவும் கூடாது. அந்தச் சட்டிகளை இங்கும் அங்கும் தூக்கி நடந்தவளே அவள்தான். அடுப்பையும் எண்ணெயையும் மோந்து பார்த்தவள், இரவலைப் பற்றி ஒரு வார்த்தை கேட்க மறந்துபோனாள். பக்கத்துக் கடைக் குழம்பு கெட்டியாவது எதனால் என்று சூப்புக் கடைக்காரருக்குத் தெரியாது. அவர்கள் அரைக்கும் கல்லைக் கழுவியவளுக்குத் தெரியும். வேர்க்கடலை விழுது.

"இதச் சூப்புல ஊத்துனியா?" என்றாள்.

"கெட்டிக்குக் கொஞ்சம் ஊத்துனேன். மெதுவாப் பேசுக்கா, கடை நிறைய ஆளு இருக்கு."

ஒரு கணம் அவள் வாய் தானாக மூடிக்கொண்டது. பின்வாசலில் பழகிய வாய் அல்லவா. அந்த ஒரு கணத்தை அவளால் பிற்பாடு மன்னிக்கவே முடியவில்லை. அடுத்த கணம் கடையே திரும்பிப் பார்க்கும்படி கத்திக்கொண்டு ஓடினாள். "வைக்காத கண்ணு, வாயில வைக்காத, அதுல கடலை இருக்கு."

பெண்ணின் உதடு அதற்குள் தடித்துவிட்டது. கழுத்தில் திட்டுத் திட்டாகச் சிவப்பு. கைப்பையைத் திறக்க முடியாமல் தடுமாறினாள். அம்மா பையைப் பிடுங்கி மேஜையில் கவிழ்த்தாள். பேனா மாதிரி ஒரு மருந்து ஊசி உருண்டது. பெண் தொடையைத் தட்டிக் காட்டினாள். "துணிக்கு மேலயே... அழுத்துங்க." மூச்சு விசில் அடிப்பதுபோல வந்தது. ஊசி என்றாலே முகத்தைத் திருப்பிக்கொள்கிற அம்மா, மூடியைப் பல்லால் கடித்து இழுத்து, இருந்த பலத்தையெல்லாம் சேர்த்துக் குத்தினாள். ஆம்புலன்ஸ் வரும்வரை பெண்ணை மடியில் சாய்த்துக்கொண்டு, மூச்சு விடு கண்ணு, விடு என்று அதையே சொல்லிக்கொண்டிருந்தாள். நான் போடலையே, நான் போடலையே என்று கடைக்காரர் சுவரோடு சுவராக நின்று புலம்பினார்.

ஆஸ்பத்திரியில் வராந்தாவில்தான் உட்கார வைத்தார்கள். மகன் ஓடிவந்தான். அம்மாவைப் பார்த்தான், நேரே உள்ளே போய்விட்டான். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பாள். ஊசி சரியான சமயத்தில் போட்டதால் தப்பித்தாள் என்று டாக்டர் சொன்னது காதில் விழுந்தும், உள்ளே போக அவளுக்கு முகம் இல்லை. கடைசியில் பெண்ணே கூப்பிட்டனுப்பினாள்.

படுக்கையில் முகம் இன்னும் வீங்கித்தான் இருந்தது. மகன் ஜன்னல் பக்கம் திரும்பி நின்றான். அம்மா கால்மாட்டிலேயே நின்று, கேக்க வேண்டியதக் கேக்காம விட்டுட்டேன் என்று ஆரம்பித்தாள்.

பெண் கையை நீட்டி அவள் முந்தானையைப் பிடித்து அருகே இழுத்தாள். மகனுக்குக் கேட்காதபடி, கரகரத்த குரலில் சொன்னாள்.

"ரொம்ப நல்லா இருந்துச்சு அத்தை."

சாப்பிட இடம் சொன்னதற்காக எத்தனையோ பேர் அவளிடம் சொல்லிப்போன வார்த்தைதான் அது. அதைக் கேட்டு அவள் அழுதது அன்றைக்கு மட்டும்தான்.