கடைப்புறா கணக்கில்லை

கடைத்தெருவில் நிற்கும் புறா பறவைக் கணக்கில் சேருமா சேராதா என்பதில் எனக்கும் என் மச்சானுக்கும் ஒரு வருடம் முழுக்கச் சண்டை. சேரும் என்று நான் நின்றேன், சேராது என்று அவன் நின்றான். பெரியவர்கள் யாரும் இதில் தலையிடவில்லை. அவர்களுக்கு அந்த நாட்களில் வேறு தலையிடி இருந்தது, அது எனக்குத் தெரியாது.

மச்சான் என்றால் அம்மாவின் அண்ணன் மகன். என்னைவிட எட்டு மாதம் மூத்தவன், அந்த எட்டு மாதத்தை எட்டு வருடமாக நினைத்து நடப்பவன். அவர்கள் வீடு இறக்கக்கண்டியில், கடலோடு சேர்ந்த வளவு. நாங்கள் திருகோணமலை டவுனில் இருந்தோம். எங்கள் இருவருக்கும் அப்போது பதினொரு வயது இருக்கும்.

போட்டிக்கு நாங்களே சட்டம் போட்டோம். சித்திரை வருடப்பிறப்பன்று இருவரும் ஒவ்வொரு புதுக்கொப்பி தொடங்குவது. அடுத்த வருடப்பிறப்பு வரைக்கும் கண்ட பறவை இனங்களை அதில் எழுதுவது. ஒரு இனம் ஒருமுறைதான். கோழி, வளர்க்கிற வாத்து, கூட்டுக்குள் இருக்கிற கிளி ஒன்றும் கணக்கில்லை. வென்றவர் அடுத்த வருடம் முழுவதும் பைனாக்குலரைத் தானே வைத்துக்கொள்ளலாம். அதுவரைக்கும் ஒரு கிழமை அவனுக்கு, ஒரு கிழமை எனக்கு.

அந்த பைனாக்குலர் நிலாவெளியில் தங்கியிருந்த ஒரு வெள்ளைக்காரர் மாமாவுக்குக் கொடுத்துவிட்டுப் போனது. சீசனில் மாமா வெள்ளைக்காரரை வள்ளத்தில் புறாத்தீவுக்கு ஏற்றி இறக்குவார், மற்ற நாட்களில் மீன் பிடிப்பார். ஒரு பக்கக் கண்ணாடியில் பூஞ்சணம் பிடித்திருந்தது. மறுபக்கம் அப்படியொரு துலக்கம். அதற்குள்ளால் பார்த்தால் மீன்கொத்தியின் சொண்டில் இருக்கிற மீனின் கண்கூடத் தெரியும். எனக்கு அதன்மேல் உயிர்.

அப்பாவுக்கோ அது வீட்டுக்குள் வருகிற கிழமைகளில் நித்திரை குறைவு. நாட்டில் சண்டை முடிந்து சில வருடங்கள்தான் ஆகியிருந்தன. முந்தி இதை வைத்திருந்து பிடிபட்டால் என்ன நடக்கும் என்று அவர் சொல்லத் தொடங்குவார், அம்மா ஒரு பார்வை பார்ப்பா, அவர் நிறுத்திவிடுவார். வாசலில் நின்று பார்க்கக் கூடாது, துறைமுகப் பக்கம் திருப்பவே கூடாது என்பது அவர் போட்ட சட்டம். அதனால் துறைமுகத்துக்கு மேலே வட்டமிட்ட பருந்துகள் அத்தனையையும் நான் வெறும் கண்ணால்தான் பார்த்து எழுதினேன்.

நான் விட்டுக்கொடுக்கிற பிள்ளை இல்லை. அப்பாவோடு பஸ்ஸில் கிண்ணியாவுக்குப் போகும்போது பாலத்துக்குக் கீழே கூழைக்கடா ஒன்றைக் கண்டேன். ஓடுகிற பஸ்ஸுக்குள் இருந்து கண்டதை ஏற்க ஏலாது என்றான் மச்சான். சரி என்று அடுத்த கிழமை அப்பாவைப் பாலத்தடியில் பஸ்ஸை விட்டு இறக்கி, வெயிலில் நிற்க வைத்து, கூழைக்கடாவை மறுபடி கண்டு எழுதினேன். அப்பாவுக்கு அன்று கந்தோரில் வேலைக்குப் பிந்திவிட்டது. கந்தோரில் என்ன காரணம் சொன்னாரோ தெரியாது.

பங்குனி முடிகிற நேரத்தில் இரண்டு கொப்பியையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தோம். அவன் என்னைவிட ஒன்று கூட. அந்த ஒன்று புறா.

எங்கள் பள்ளிக்கூடப் புத்தகத்தில் மாடப்புறாவைப் பற்றி எழுதியிருந்தது. ஊருக்குள் திரிபவை வளர்ப்புப் புறாக்களின் வழிவந்தவை என்றும், அசல் காட்டுப் புறா திருகோணமலைக்கு அப்பால் உள்ள பாறைத் தீவில், அதாவது எங்கள் புறாத்தீவில், இருக்கிறது என்றும் அதில் இருந்தது. மச்சான் சீசனில் மாமாவோடு வள்ளத்தில் போய் அந்தப் பாறைப் புறாவைக் கண்டு எழுதியிருந்தான். நான் எழுதியது அரிசிக்கடைக் கூரையில் நின்ற புறாவை. இரண்டும் ஒரே சாம்பல் நிறம், ஒரே பச்சைக் கழுத்து, ஒரே குனுகல். என் புறா நெல் பொறுக்குகிறது, அவன் புறா கல்லில் நிற்கிறது, அவ்வளவுதான் வித்தியாசம்.

"கடைப்புறா கணக்கில்லை," என்று சொல்லி என் கொப்பியில் அவனே பென்சிலால் ஒரு கோடு போட்டான்.

எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமில்லை. சனிக்கிழமை மீனோடு டவுனுக்கு வந்த மாமாவை வாசலிலேயே மறித்தேன். உங்கள் மகனைக் கூட்டிக்கொண்டு போனீர்கள்தானே, தகப்பனிடம் வள்ளம் இருக்கிறவன் வெல்வதா, இது எந்த ஊர் நியாயம் என்று கேட்டேன். மாமா சிரித்துச் சிரித்து இருமினார்.

"புறா பாக்கிறதுக்கு என்னை எண்ணெய் எரிக்கச் சொல்லுறியோ பிள்ளை? உங்கட பள்ளிக்கூடக் கூரையில நிக்கிறது என்ன, மயிலோ?"

அன்று பகலே நான் சாப்பாட்டை நிறுத்தினேன். புறாத்தீவுக்குக் கூட்டிப்போகும் வரைக்கும் பச்சைத் தண்ணீர்கூடப் பல்லில் படாது என்று குசினி வாசலில் நின்று அறிவித்தேன். அம்மா பொரித்த மீனை என் மூக்குக்கு முன்னால் கொண்டுபோனா. நான் அசையவில்லை. அசையாததற்கு ஒரு காரணமும் இருந்தது. அலுமாரியின் அடித்தட்டில், எனக்கு அளவில்லாமல் போன பள்ளிக்கூடச் சப்பாத்துக்குள், இரண்டு பாக்கெட் மாரி பிஸ்கட்டை முன்கூட்டியே ஒளித்து வைத்திருந்தேன். ஒரு சப்பாத்துக்கு ஒரு பாக்கெட்.

இரண்டாம் நாள் பின்னேரம் அம்மா போனைத் தூக்கிக்கொண்டு கிணற்றடிக்குப் போய், குரலைத் தாழ்த்தி மாமாவோடு நெடுநேரம் கதைத்தா. திரும்பி வரும்போது கண் சிவந்து போயிருந்தது. என் பட்டினி அம்மாவை இவ்வளவுக்கு வாட்டிவிட்டதே என்று எனக்குக் கொஞ்சம் பாவமாகவும், அதைவிடக் கூடுதலாகப் பெருமையாகவும் இருந்தது.

"விடிய இறக்கக்கண்டிக்குப் போறம். மாமா உன்னைத் தீவுக்குக் கொண்டுபோறாராம். இப்ப சாப்பிடு," என்றா.

மூன்று கோப்பை சோறு சாப்பிட்டேன். அடம் பிடித்தால் உலகத்தில் எதையும் சாதிக்கலாம் என்று அன்று எனக்கு உறுதியாகத் தெரிந்தது.

மறுநாள் நாங்கள் போய்ச் சேரும்போது மாமா வள்ளத்தில் சாமான் ஏற்றி முடித்திருந்தார். அடியில் மூட்டைகள், நீலக் கான்களில் தண்ணீர், அவற்றுக்கு மேலே பாய், பாயின்மேல் மாமி சமைத்த சோற்றுப் பானை. ஒரு புறாவைப் பார்க்க இவ்வளவு தண்ணீர் எதற்கு என்று கேட்டேன். கடலில் தாகம் கூட என்றார் மாமா. மச்சானும் ஏறினான். அவன் ஏற்கனவே கண்ட புறா, அவனுக்கு இதில் ஒரு லாபமும் இல்லை. என் வெற்றியைக் கிட்ட நின்று பார்க்கட்டும் என்று நினைத்துக்கொண்டேன். அம்மாவும் மாமியும் கரையில் நின்றார்கள். கடல் என்றால் பயந்து சாகிற அம்மா அன்று ஒரு சொல் மறித்துப் பேசவில்லை.

தீவுக்குக் கிட்டப் போகும்போது நேவிப் படகு ஒன்று வந்து எங்களை மறித்தது. மாமா சிங்களத்தில் வெளுத்து வாங்குவார். ஆனால் அன்று சொல்லைத் தேடித் தேடித்தான் பேசினார். என்னைக் காட்டி, தங்கச்சியின் மகள், புறாவைக் காணாமல் சோறு தின்ன மாட்டேன் என்று இரண்டு நாளாகப் பட்டினி கிடக்கிறாள் என்று சொன்னார். அது எனக்கு விளங்கியது, ஏனென்றால் சொல்லச் சொல்ல அந்தப் படகில் இருந்தவர்கள் எல்லோரும் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. கொப்பியைத் திறந்து, மச்சான் கோடு போட்ட இடத்தை அவர்களுக்குக் காட்டினேன். அநியாயம் நடந்தால் யாரிடமும் முறையிடலாம்தானே.

இளவயது நேவிக்காரர் ஒருவர் எட்டிக் கொப்பியைப் பார்த்தார். பிறகு என் கழுத்தில் கிடந்த பைனாக்குலரைக் கேட்டு வாங்கினார். மாமாவின் முகத்தில் ரத்தமே இல்லை. நேவிக்காரர் அதைப் பாறைப் பக்கம் திருப்பி, மெல்ல மெல்ல நகர்த்தி, ஓரிடத்தில் நிறுத்தி, என்னைக் குனியச் சொல்லி என் கண்ணில் வைத்தார். பாறை வெடிப்பில் நாலைந்து புறா. அரிசிக்கடைக் கூரையில் நிற்கிற அதே புறா. அந்த இடத்திலேயே எழுதினேன். அவர்கள் கையசைத்துவிட்டுப் போனார்கள். மாமா வள்ளத்தின் ஓரத்தில் இருந்தபடி உடுத்திருந்த சறத்தின் நுனியால் முகத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

"இப்ப சமம்," என்றேன் மச்சானிடம்.

"ஓம், சமம்," என்றான்.

சண்டை பிடிப்பான் என்று பார்த்தேன். நேவிக்காரர் கண்டுபிடித்துத் தந்த புறா கணக்கில்லை என்று அவன் சொன்னால் திருப்பிச் சொல்வதற்குப் பதில்கூட வைத்திருந்தேன். அவன் கரையையே பார்த்துக்கொண்டு இருந்தான். அம்மாவும் மாமியும் அங்கே இரண்டு புள்ளியாகத் தெரிந்தார்கள்.

மாமா உடனே திரும்பவில்லை. தீவையும் தாண்டி ஓடி, அங்கே நின்ற ஒரு பெரிய றோலர் மீன்பிடிப் படகின் பக்கத்தில் வள்ளத்தை அணைத்தார். பாயையும் பானையையும் தூக்கி வைத்துவிட்டு மூட்டைகளையும் கான்களையும் மேலே ஏற்றிக் கொடுத்தார், அதிலிருந்த ஆட்களோடு நெடுநேரம் கதைத்தார். எனக்கு எரிச்சல் வந்தது. புறாக்கள் இருந்த பாறைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு யாருக்கோ அரிசி கொடுக்க வேண்டிய நேரமா இது? மாமாவுக்கு எப்போதும் ஊருக்கு உதவுகிற குணம் என்று அம்மா சொல்வது ஞாபகம் வந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்திருந்தேன்.

கரைக்கு வந்ததும் பைனாக்குலரைக் கழற்றி மச்சானிடம் நீட்டினேன். அந்தக் கிழமை அவனுடைய முறை. சண்டைக்காரியானாலும் நான் முறை தவறுகிறவள் இல்லை. அவன் வாங்கி, கண்ணாடியைத் தன் சேர்ட்டால் துடைத்து, வாரை மறுபடி என் கழுத்திலேயே போட்டான்.

"நீ வைச்சிரு."

"உன்ர கிழமையடா."

"பரவாயில்லை. நீ பார்."

பயந்துவிட்டான் என்று நினைத்தேன். வீட்டுக்குப் புறப்படும்போது மாமி தன் மிக்சியை அம்மாவிடம் கொடுத்தா. அந்த மிக்சியை மாமி யாரையும் தொடவிட மாட்டா. பஸ்ஸில் வழி முழுக்க அம்மா அதை மடியில் வைத்துக் கட்டிப்பிடித்தபடி வந்தா. எனக்கு மடியில் பைனாக்குலர், அம்மாவுக்கு மடியில் மிக்சி, நல்ல நாள் என்று நினைத்துக்கொண்டேன்.

வருடப்பிறப்புக்கு முதல்நாள் பின்னேரம் எங்கள் வளவின் மூலையில், வாழைச் சருகுக்குள் கிண்டிக்கொண்டு நின்ற ஆறுமணிக்குருவியைக் கண்டேன். நீலமும் பச்சையும் சிவப்புமாக, வாலில்லாத குருவி. அவன் கொப்பியில் அது இல்லை என்று எனக்கு நல்லாகத் தெரியும். வென்றுவிட்டேன்! ஓடிப்போய் மாமாவின் போனுக்கு எடுத்தேன். வேலை செய்யவில்லை. மாமியின் போனும் அப்படியே. விடிந்தால் கைவிசேஷக் காசு வாங்க இறக்கக்கண்டிக்குப் போகத்தானே போகிறோம், நேரிலேயே சொல்வோம் என்று பொறுத்தேன். விடிந்ததும், போகவில்லை, அவர்கள் வீட்டைப் பூட்டிக்கொண்டு மாமியின் ஆட்களிடம் போய்விட்டார்கள் என்றார் அப்பா.

எனக்கு எல்லாம் வெளித்துவிட்டது. புதுச் சட்டையோடு ஒழுங்கைக்கு இறங்கி, பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் எல்லாரையும் கூப்பிட்டு, பெரிய கதை கதைத்த என் மச்சான் தோல்விக்குப் பயந்து குடும்பத்தோடு ஓடிவிட்டான் என்று சத்தம் போட்டுச் சொன்னேன். இரண்டாம் தரம் சொல்ல வாயைத் திறக்க, அப்பா பின்னால் வந்து வாயைப் பொத்தி என்னைத் தூக்கிக்கொண்டு போய் உள்ளே விட்டுக் கதவைச் சாத்தினார். அவர் கை ஈரமாக இருந்தது. "ஓடிட்டான் எண்டு இனி ஒருத்தரிட்டயும் சொல்லாத," என்றார். என் வெற்றியில் அப்பாவுக்கு ஏன் இவ்வளவு வயிற்றெரிச்சல் என்று அழுதேன்.

அவர்கள் கரை சேர்ந்தார்கள். அதை முதலில் சொல்லிவிடுகிறேன். அந்த றோலரில் கிழமைக்கணக்காகக் கடலில் கிடந்து, ஆஸ்திரேலியாப் பக்கம் பிடிபட்டு, முகாமில் வருடக்கணக்காக இருந்து, இப்போது நல்லாக இருக்கிறார்கள். மாமா போனில் அந்தப் புறாக் கதையைச் சொல்லாமல் விடமாட்டார். "நீ மட்டும் அண்டைக்குப் பட்டினி கிடக்காட்டி, நேவி அந்த மூட்டையளை அவிழ்த்துப் பாத்திருக்கும் பிள்ளை," என்பார். மச்சானிடமும் ஒருநாள் கேட்டேன். என்னைத் துணைக்கு வைத்துக்கொண்டு சாமான் ஏற்றப் போனீர்களா, அல்லது நான் ஆசைப்பட்டதைப் போகமுதல் காட்டிவிட்டுப் போக நினைத்தீர்களா என்று. இரண்டும்தான் என்றான். அம்மாவுக்கு இதில் எது தெரிந்திருந்தது என்று மட்டும் நான் இன்னும் கேட்கவில்லை.

ஆனால் அந்தச் சித்திரையில் இது ஒன்றும் எனக்குத் தெரியாது. எனக்குத் தெரிந்ததெல்லாம், வருடப்பிறப்பு முடிந்த பிறகு அம்மா சாப்பிடுவதை நிறுத்திவிட்டா என்பதுதான். கோப்பையில் சோற்றைப் போட்டு வைத்துக்கொண்டு, போனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, வாசலையே பார்த்தபடி இருப்பா. அப்பா கெஞ்சுவார். அம்மா தலையை ஆட்டுவா. நாலைந்து நாள் பார்த்தேன். பட்டினி கிடக்கிற விசயத்தில் அந்த வீட்டில் அனுபவப்பட்ட ஒரே ஆள் நான்தானே.

ஒரு மத்தியானம் பக்கத்தில் போய் இருந்துகொண்டு கேட்டேன்.

"அம்மா, நீங்கள் எங்க போறதுக்கு அடம் பிடிக்கிறீங்கள்?"

அம்மா என்னைப் பார்த்துவிட்டு மறுபடி வாசலைப் பார்த்தா. சொல்லாவிட்டால் பரவாயில்லை, அடம் பிடிக்கிறவர்கள் லேசில் வாய் திறக்க மாட்டார்கள் என்று எனக்குத் தெரியும். எழும்பிப் போய் அலுமாரியைத் திறந்து, சப்பாத்துக்குள் மிஞ்சிக் கிடந்த மாரி பிஸ்கட்டை எடுத்துக்கொண்டு வந்து, அப்பா காணாமல் அம்மாவின் மடிக்குள் வைத்தேன். நான் ஒருத்தருக்கும் சொல்ல மாட்டேன், இதை ஒளித்துச் சாப்பிட்டுக்கொண்டு விடாமல் நில்லுங்கோ, கடைசியில் கட்டாயம் கூட்டிக்கொண்டு போவார்கள் என்று அம்மாவின் காதுக்குள் சொன்னேன்.